எந்தப் பாரம் என்று கேள்

1

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. கொண்டாட யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "நீ எப்போது ஊருக்குப் போகிறாய்?" என்று கேட்டார். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு அடுத்ததாக அவர் கேட்கிற கேள்வி இதுதான். "பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் உண்மையாகவே தலையாட்டினார்.

பத்திரிகையிலிருந்து நீங்கள் கடிதம் எழுதும்போதெல்லாம் பனியைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். பனி வெள்ளையாக இருக்கும், கால் வழுக்கும். பனி முடிந்தது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் லூர்து மேரி. ஆவூர்ப் பக்கத்தில் ஒரு ஊர். எந்த ஊர் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபமான கடிதங்கள் வரும், அதனால் வேண்டாம். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ராஜாவுக்கு எழுதிய மனுக்களை எல்லாம் இனி கலெக்டருக்கு எழுத வேண்டும் என்பதுதான் அன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரே புரட்சி.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம், இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிப்புக்கு ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று பங்குச் சாமியாருக்குக் கடிதம் வந்தது. நான் வந்தேன். பம்பாயில் கப்பல் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்தி எடுத்ததால் கடலைப் பற்றியும் எழுத ஒன்றும் இல்லை.

2

ஆஸ்பத்திரியில் முதல் நாளே என் பெயரைத் தொலைத்தேன். நிரப்பக் கொடுத்த பாரத்தில் அப்பா பெயரை எழுதும் இடத்தில் ஆரோக்கியசாமி என்று எழுதினேன். அது சட்டையில் குத்துகிற அட்டைக்குள் அடங்கவில்லை. ஒரு வாரத்தில் நான் 'நர்ஸ் ராக்கி' ஆகிவிட்டேன். ஊரில் குத்துச்சண்டைக்காரனுக்குக்கூட அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

அந்த வட்டாரத்தில் எல்லாரையும் 'டக்', அதாவது 'வாத்தே' என்று கூப்பிடுவார்கள். அன்பாகத்தான். எனக்கு அது தெரியாது. "நன்றி, வாத்தே" என்று ஒரு நோயாளி சொன்ன பிறகு ஒரு வாரம் நான் வார்டில் கால்களை ஒட்டி ஒட்டி வைத்து நடந்து பழகினேன். இன்னொரு கிழவர், படுக்கையை மாற்றும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த நிறம் விரிப்பில் ஒட்டுமா?" என்று கேட்டார். "முதல் சலவையில் கொஞ்சம் போகும், தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்" என்றேன். சலவைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு அவர் அதை அப்படியே சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க முடியாத ஒன்று என் இடுப்பில் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

பயிற்சிக்கு வந்த எங்களுக்குப் பச்சைப் பட்டை. வெள்ளைக்காரப் பெண்களுக்கு நீலப் பட்டை. அழகுக்கு என்று நினைத்தேன். பச்சை எனக்கு எடுப்பாக வேறு இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பச்சையைக் கட்டிக்கொண்டு சட்டி கழுவினேன், படுக்கை விரித்தேன், மருந்து வண்டியைத் தள்ளினேன். எங்கள் பாடப் புத்தகம் மெலிசாக இருந்தது. நான் கெட்டிக்காரி, அதனால் சீக்கிரம் முடிகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவள் டோரீன். பார்படோஸ் தீவுக்காரி. என்னைவிட ஒரு முழம் உயரம், என்னைவிட இரண்டு முழம் வாய். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ராக்கி, நீ எத்தனை வருஷப் படிப்புக்கு வந்தாய்?"

"மூன்று வருஷம்."

"யார் சொன்னது?"

"எங்கள் சாமியார்."

"உன் சாமியாருக்குத் தெரியாது. நீலப் பட்டைக்காரிகளுக்குத்தான் மூன்று வருஷம். அவர்கள் முழு நர்ஸ் ஆவார்கள். நமக்கு இரண்டு வருஷம். நாம் கடைசிவரை அவர்களுக்குக் கைவேலை செய்யலாம். இந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நீ உன் ஊருக்குப் போனால், நர்ஸ் என்று எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காது. நேற்று என் அக்கா எழுதியிருக்கிறாள்."

நான் சுற்றிப் பார்த்தேன். கூடத்தில் பச்சைப் பட்டை கட்டியவர்கள் எல்லாரும் கறுப்பும் மாநிறமுமாக இருந்தோம். நீலப் பட்டையில் ஒரு கறுப்பு முகம் இல்லை. ஒரு வருஷமாக என் கண்முன்னே இருந்ததுதான். வந்த அன்று இரண்டு பாரங்கள் இருந்திருக்கின்றன. எங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். நாங்களும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்து அனுப்பியிருந்தார். மாலை போட்டு வழியனுப்பிய ஊருக்கு, ஊசி போடக்கூட உரிமையில்லாமல் திரும்புவதா?

3

மேட்ரனிடம் போனோம். தலைமைத் தாதி. கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி, அதைவிட விறைப்பான முதுகு. டோரீன் பேசினால் சண்டை ஆகிவிடும் என்று நான் பேசினேன். மூன்று வருஷப் படிப்புக்கு மாற்றும்படி கேட்டேன்.

மேட்ரன் புன்னகை செய்தார். "உங்கள் மக்களுக்குக் கை ராசி அதிகம். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதில் உங்களுக்கு நிகர் இல்லை. மூன்று வருஷப் படிப்பில் ஏட்டுப்படிப்பு ஜாஸ்தி. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் நன்மைக்குத்தான்."

"நான் இங்கிலீஷில் பரீட்சை எழுதித் தேறியவள், மேட்ரன்."

"அது உங்கள் ஊர் இங்கிலீஷ்" என்றார், அதே புன்னகையோடு.

அறைக்கு வந்து டோரீன் கதவை உதைத்தாள். நான் பேனாவை எடுத்தேன். எங்கள் ஊர் இங்கிலீஷ் என்றால் என்ன என்று மேட்ரனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. சமஸ்தானத்துக் காலத்திலிருந்து மனு எழுதியே வாழ்ந்த வீட்டுப் பெண் நான். கிணற்றுக்கு மனு, கூரை ஓட்டுக்கு மனு, பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு மனு. அப்பா சொல்லச் சொல்ல எழுதியே என் கையெழுத்து அழகானது.

"மாட்சிமை பொருந்திய அம்மையீர் அவர்களின் பொற்பாதங்களில் தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியக்காரி மிகுந்த தாழ்மையுடனும் பணிவுடனும் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்" என்பதை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். இரண்டு பக்கம் பணிவு. மூன்றாம் பக்கத்தில் ஒரே கேள்வி: என்னை இரண்டு வருஷப் படிப்பில் சேர்த்த காரணத்தைத் தயவுகூர்ந்து எழுத்தில் தர வேண்டும். அடியில், நகல் யார் யாருக்கு என்று ஒரு பட்டியல். ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர், நர்ஸ்களைப் பதிவு செய்யும் அலுவலகம், எங்கள் தூதரகம், பிஷப்பாகிய மேற்றிராணியார்.

பதில் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, 'முன் விண்ணப்பத்தைத் தங்கள் மேலான நினைவுக்குக் கொண்டுவருவது' என்று இன்னொன்று. அதற்கடுத்த திங்கள் மற்றொன்று. திட்டுகிறவளை எப்படி வெளியேற்றுவது என்று மேட்ரனுக்குத் தெரியும். வாராவாரம் காலில் விழுந்துகொண்டே காரணம் கேட்கிறவளை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. டோரீன் என் மனுக்களைப் படித்துவிட்டுப் படுக்கையில் உருண்டு சிரிப்பாள். பிறகு தன் பெயரையும் கீழே போடுவாள்.

ஆறாவது மனுவுக்குக் கூப்பிட்டார்கள். மேட்ரன் மேசையில் ஆறும் வரிசையாக இருந்தன.

"இதை எப்போது நிறுத்துவாய்?"

"காரணம் எழுத்தில் கிடைத்ததும், மேட்ரன்."

அவர் ஆறையும் ஒன்றாக அடுக்கினார். காரணத்தை எழுத முடியாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "நுழைவுப் பரீட்சை எழுது. தேறினால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனது போனதுதான்" என்றார்.

நான் தேறினேன். டோரீன் கணக்கில் தவறினாள். மருந்தின் அளவு கணக்கு. பின்னம் அவளுக்குப் பிசாசு. அவளைப் பச்சையில் விட்டுவிட்டு நான் மட்டும் நீலம் கட்டிக்கொண்டு நடந்த அந்த நான்கு மாதம், என் வாழ்க்கையிலேயே மிகவும் வெட்கமாக இருந்த காலம். தினமும் வேலை முடிந்து ரொட்டியை வெட்டி வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். அப்பாவின் குரலில் அதட்டினேன் என்று நினைக்கிறேன். "உங்கள் ஊர் வாத்தியார்கள் எல்லாருமே இப்படியா?" என்று கேட்டாள். இரண்டாம் தடவை தேறினாள். அந்த ரொட்டியையெல்லாம் தின்று நாங்கள் இருவரும் பெருத்துப்போனோம்.

அந்த நாட்களில் ஒருமுறை கேட்டாள்: "உங்கள் ஊரில் இப்படி உண்டா, ராக்கி? ஆளைப் பார்த்துப் பாரம் கொடுப்பது?"

"எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே நிறம்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

4

முழு நர்ஸ் ஆனேன். அரிமளத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். இங்கே பஸ் கண்டக்டர். மகன் பிறந்தான். அவனுக்கு இப்போது ஐந்து வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். பள்ளியில் ஆசிரியை, "உன் அம்மா வீட்டில் என்ன மொழி பேசுகிறார்?" என்று கேட்டதற்கு, "சத்தமாகப் பேசுவார்" என்றிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் புதிதாக வந்த பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜமைக்கா, டிரினிடாட், கேரளம், மலேயா. டோரீனும் நானும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் ஒன்றுதான்: கையெழுத்துப் போடுமுன் எந்தப் பாரம் என்று கேள். இரண்டாம் பாடம் பின்னம். இரண்டு மேட்ரன்கள் மாறிவிட்டார்கள். ஆனாலும் புதுப்பெண்களுக்கு இன்னும் பச்சைப் பட்டைதான் முதலில் நீட்டப்படுகிறது. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் ஊரில் எல்லாருக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, போன வருஷம் லீவு எடுத்து, மகனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அப்பா முழுவதையும் கேட்டார். அவர் முகம் சிவந்தது. "வெள்ளைக்காரப் புத்தி பாத்தியா! தோலப் பாத்துப் படிப்பக் குடுக்குறதா? படிச்ச புள்ளைய இப்புடிச் செய்யலாமா?"

அடுத்த நாள் ஞாயிறு. கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊர்க் கோயிலின் நடுவில், பீடத்திலிருந்து வாசல்வரை, இடுப்பளவு மரக்கிராதித் தடுப்பு ஒன்று இருக்கிறது. வலப்பக்கம் நாங்கள். இடப்பக்கம் கீழத்தெருக்காரர்கள். நான் பிறந்ததிலிருந்து அது அங்கே இருக்கிறது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது, கிராதி மாறவில்லை.

இடப்பக்கத்தில் அந்தோணியம்மா உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டையில் கன்னியர் பள்ளியில் என்னோடு படித்தவள். வகுப்பில் எப்போதும் அவள் முதல், நான் இரண்டாவது அல்லது மூன்றாவது. நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள்தான், நான் அல்ல. சாமியாருக்கு வந்த கடிதத்தில் ஒரு பெண்ணுக்குத்தான் இடம். யாரை அனுப்பலாம் என்று சாமியார் தலைமை ஆசிரியரைக் கேட்டார். தலைமை ஆசிரியர் என் அப்பா. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவள் பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து, இப்போது திருவரங்குளத்தில் பள்ளியாசிரியை.

நான் கிராதியைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலப்பக்கத்தில் தலைகள் திரும்பின. சாமியார் ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தார். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தோணியம்மா என்னைப் பார்க்காமலே மெல்லக் கேட்டாள்: "என்ன இங்கிட்டு?"

"ஒன்னோட ஒக்காரலாம்னுதான்."

"நீ அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறிப் போயிருவ. நாளைக்கு ஏச்சுப் பேச்சு வாங்குறது நாங்கதான்." சிறிது நேரம் கழித்து, "ஒக்காந்தது ஒக்காந்துட்ட, சரியா ஒக்காரு. பாதிக் காலு வெளிய கெடக்கு" என்றாள்.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம், லூர்து. எந் தங்கச்சி ரோசரி எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்கா. அவளுக்கும் நர்சுன்னுதான் ஆசை. எந்தப் பாரம், யாருக்கு எழுதணும்னு ஒனக்குத்தான் தெரியுமாமுல்ல. அந்த வேலையப் பாரு. ஊர்ல இருந்து ஒரு நன்னடத்தைக் கடுதாசி வேணுமாம். தலைமை ஆசிரியர்கிட்ட." அவள் சிரித்தாள். "அத நீயே கேட்டு வாங்கு."

5

அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அதுக்கு என்ன இப்ப அவசரம்? அந்தத் தெருவுல ஒண்ண அனுப்புனா நாளைக்குப் பத்து வரும்."

"பத்தும் வரட்டும்பா."

"ஊர்ல என்ன சொல்லுவாக?"

"அன்னைக்கு அந்தோணியம்மா முதல் மார்க்கு. ஏன் என்னய அனுப்புனீங்க?"

"நீ எம் மகள்ல. வேற யார அனுப்புவேன்?"

"மேட்ரனும் இதத்தான்பா சொன்னா. வேற வார்த்தையில."

அடுத்த அறையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் சொன்னதில் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவரைத் தேடி இரண்டு தடவை தெருமுனைவரை போய் வந்தேன். என்னை இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் அவர்தான். மனு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

பொழுது சாய வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "அந்தப் புள்ளய வரச் சொல்லு. வெவரம் கேட்டுத்தான் எழுதணும்."

ரோசரி அக்காவோடு வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடையோடு, தீர்க்கமாகப் பார்க்கிற பெண். அப்பா காகிதம் எடுத்தார், பேனாவைத் திறந்தார். பிறகு கையைக் காட்டினார். எங்கே காட்டுவது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியில் அவர் இருந்தார். மற்ற நாற்காலியில் கீழத்தெருக்காரர் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"ஒக்காரும்மா" என்றார் கடைசியில்.

"நிக்கிறேன் சார். பழக்கந்தான்" என்றாள் ரோசரி.

குத்தலா, மரியாதையா என்று முகத்தில் தெரியவில்லை. அப்பா எழுந்தார். சுவரில் எழுதுபலகையை ஊன்றிக்கொண்டு, அந்தக் கடிதம் முழுவதையும் நின்றுகொண்டே எழுதினார். ஒரு பக்கம். அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் பணிவே இல்லாத ஒரே கடிதம் அதுவாகத்தான் இருக்கும். 'இந்தப் பெண் எந்தப் படிப்புக்கும் தகுதியானவள்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

கிராதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்பா அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதுவதில்லை. நான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன்.

6

ரோசரி வந்து ஏழு மாதம் ஆகிறது. மூன்று வருஷப் படிப்பு. லீவு நாட்களில் எங்கள் வீட்டில் இருப்பாள். குளிருக்கு என் கணவரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை மறைத்துத் தொங்குகிற அந்தக் கோட்டோடு என் மகனைத் துரத்திப் பிடித்துத் தமிழ் பேச வைக்கிறாள். எனக்குப் படியாதவன் அவளுக்குப் படிகிறான்.

போன சனிக்கிழமை என் கணவருக்குத் தெரிந்த ஒரு தமிழ் டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம். அந்தம்மா நல்லவர். இங்கே வாடகைக்கு வீடு கேட்டு அலைந்ததையும், தோலைப் பார்த்ததும் கதவைச் சாத்தியவர்களையும் பற்றிக் கண்ணீர் வரச் சொன்னார். நான் தேநீர் ஊற்றினேன். ரோசரி முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்; அன்று மத்தியானம் அவளே பிழிந்தது. அதன் மணத்தைப் பாராட்டிவிட்டு அந்தம்மா கேட்டார்:

"நீ எந்த ஊரும்மா?"

"புதுக்கோட்டைப் பக்கம்ங்க. அக்கா ஊருதான்."

"அப்படியா? அப்ப அக்காவுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"பின்ன, நீங்க யாரு அங்கே? எந்தத் தெரு?"

கேள்வி எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும். அது நிறத்தைக் கேட்கிற கேள்வி அல்ல. மேட்ரனுக்கு மனுமேல் மனு எழுதிய நான், கிராதியைச் சுற்றி நடந்த நான், அந்த ஒரு நொடியில் என்ன செய்தேன் தெரியுமா? "எங்க சொந்தக்காரப் பொண்ணு மாதிரிதாங்க" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவளைக் காப்பாற்றுகிறேனாம்.

ரோசரி முந்திக்கொண்டாள்.

"கீழத்தெருங்க" என்றாள், தெளிவாக, பரீட்சையில் விடை சொல்வது போல. "நீங்க எந்தத் தெரு?"

அந்தம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். முறுக்கை யாரும் தொடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு நான் அங்கேயே நின்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளேயிருந்து நொறுக்கென்று சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள் ரோசரி, வாய் நிறைய. "நல்லா வெந்திருக்கு. வாங்க, நமத்துப் போறதுக்குள்ள தின்னுருவோம்."